உப்புக்கு வரி, உளுந்துக்கு விலக்கு: பலன் யாருக்கு?

தூத்துக்குடியில் உப்பளத்திலும் பாத்தி கட்டுகிறோம், வயலிலும் பாத்தி கட்டுகிறோம். உப்பும் 'விளைகிறது' என்பதே நம் பேச்சு. ஆனால் வருமான வரிச் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கடல்நீரைப் பாய்ச்சி எடுக்கும் உப்பு விவசாய வருமானம் ஆகாது. அதற்கு வரி உண்டு. இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் அதே கதிதான். உழுது விதைத்து எடுத்த உளுந்துக்கும் வாழைக்கும் வரி இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10(1) பிரிவு தந்த இந்த விலக்கு, 2025இல் வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

இதில் கைவைப்பார்கள் என்ற பேச்சு எழுந்தாலே நமக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. 2017இல் நிதி ஆயோக் உறுப்பினர் பிபேக் தேப்ராய் பணக்கார விவசாயிகளுக்கு வரி போடலாம் என்றார். நிதியமைச்சர் அருண் ஜேட்லி உடனே மறுத்தார். நாம் நிம்மதி அடைந்தோம். நம்மைவிட நிம்மதி அடைந்தவர்கள் வேறு சிலர்.

கணக்கைப் பாருங்கள். 2018-19 தேசிய மாதிரி ஆய்வின்படி, ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் கூலி, ஆடு மாடு எல்லாம் சேர்த்து 10,218 ரூபாய். அதில் பயிர் தந்தது 3,798 ரூபாய். விலக்கே இல்லாவிட்டாலும் இந்தக் குடும்பம் வருமான வரி வரம்பின் பக்கத்தில்கூட வராது. ஆனால் வேறு வழியில் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 1,000 ரூபாய் பூச்சிமருந்து வாங்கினால் ஜி.எஸ்.டி. 180 ரூபாய், உரத்துக்கு 5 சதவீதம். கடைக்காரர் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வார். விவசாயிக்கு அந்த வழி இல்லை.

பெரும் லாபம் வேறு இடத்துக்குப் போகிறது. தொழிலிலோ கமிஷனிலோ வந்த கணக்கில் வராத பணத்தை 'விவசாய வருமானம்' என்று காட்டிவிட்டால், 30 சதவீத வரி பூஜ்யமாகிவிடும், பணமும் வெள்ளையாகிவிடும். மத்திய தணிக்கைத் துறை 2019 அறிக்கையில், தான் சோதித்த கணக்குகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போதிய ஆவணம் பார்க்காமலேயே விலக்கு தரப்பட்டதாகச் சொன்னது.

இங்கே வேளாண்மை படித்தவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. விளாத்திகுளம் கரிசலில், மழை கைகொடுத்த ஆண்டில், மானாவாரி உளுந்து ஏக்கருக்கு மூன்று குவிண்டால் வந்தால் நல்ல மகசூல். 2025-26 ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஏக்கருக்கு 23,400 ரூபாய். இந்த மண்ணில் ஒருவர் 50 லட்சம் எடுத்தேன் என்றால், செலவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 213 ஏக்கருக்கு மேல் உளுந்து போட்டிருக்க வேண்டும். நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் குடும்பத்துக்கு அனுமதிப்பது 15 ஸ்டாண்டர்டு ஏக்கர். மானாவாரி நிலத்தில் அது சில மடங்கு கூடும். 200 ஏக்கரை எட்டாது. இந்தச் சின்னப் பெருக்கலை வரி அலுவலர் போடுவதில்லை.

ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விவசாய வருமானம் உள்ளவர்களுக்கு வரி போடலாம் என்று 2014இல் பார்த்தசாரதி ஷோம் தலைமையிலான ஆணையம் சொன்னது. என் கருத்தும் அதுவே. விவசாய வருமான வரி மாநிலப் பட்டியலில் இருப்பதால் முடிவெடுக்க வேண்டியது தமிழக அரசு. ஒரு நிபந்தனை மட்டும் அவசியம்: ஒரே ஆண்டு வருமானத்தை வைத்து வரி போடக்கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை வாழைத் தோட்டங்கள் மூழ்கின. அப்படிப்பட்ட மண்ணில் மூன்று நான்கு ஆண்டுச் சராசரியே நியாயம்.

பொய்க் கணக்கைப் பிடிக்கப் புதுச் சட்டமே வேண்டாம். 2024இல் நம் மாநிலத்தில் டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. அதில் சர்வே எண் வாரியாக நிற்கும் பயிர் பதிவாகிறது. வருமான வரித் துறை அந்தப் பதிவோடு ஒப்பிட்டாலே, சீமைக் கருவேலம் மண்டிய காட்டில் மிளகாய் 'விளைந்த' கதை வெளியே வந்துவிடும். விரிவாக்கப் பணியாளர்கள் அடங்கலில் நிலத்தில் இருப்பதையே எழுதும்படி கிராம நிர்வாக அலுவலரிடம் வலியுறுத்துங்கள். விவசாயிகளே, யாராவது உங்கள் பட்டா, அடங்கல் நகலைக் 'கணக்குக் காட்ட' கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு எதிரே இந்தப் பருவத்தில் என்ன பயிர் எழுதியிருக்கிறது என்றும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள். பயிர்க் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம்.