பெட்டியின் சாவி யாரிடம்?

"வாங்கினவனுக்குத்தான் டிப்ஸ் சொந்தம். பொதுப்பெட்டியில் போடச் சொல்வது முதலாளியின் தந்திரம்." லண்டன் உணவகங்களில் வேலை செய்யும் நம்மவர்கள் பேச்சில் இது அடிக்கடி காதில் விழும். சொல்பவர்கள் அடிபட்டவர்கள் என்பதால் கோபம் புரிகிறது. ஆனால் அந்தக் கோபம் தவறான இடத்தில் போய் விழுகிறது.

சிரித்துப் பேசிய சர்வருக்குத்தானே வாடிக்கையாளர் கொடுத்தார் என்பது அவர்களுடைய முதல் வாதம். வாடிக்கையாளர் பார்த்தது சர்வரை. சாப்பிட்டது சமையல்காரரின் கைப்பக்குவத்தை, வேறொருவர் கழுவி வைத்த தட்டில். "கோப்பை கழுவிச் சம்பாதித்த காசு" என்று ஈழத்து வீடுகளில் ஒரு தலைமுறையே சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தக் கோப்பை கழுவியவரை எந்த மேசைக்காரரும் பார்த்ததில்லை. பார்க்காததால் அவருக்குப் பங்கில்லை என்று சொல்ல நமக்கு வாய் வருமா? தவிர, இன்று லண்டனில் பல இடங்களில் பில்லிலேயே 12.5 விழுக்காடு சர்வீஸ் சார்ஜ் சேர்ந்து வருகிறது; அதையும் கார்டில் தட்டிவிட்டுப் போகிறார்கள். வாங்கிய கை என்று பார்த்தால் அது கார்டு இயந்திரத்தின் கைதான்.

சேர்த்துப் பங்கிட்டால் சோம்பேறிக்கும் சமபங்கு போகும் என்கிறார்கள். பங்கிடுவது என்றால் சமமாகப் பங்கிடுவது என்று யார் சொன்னது? தனித்தனியாக வாங்குகிற இடத்தில் மட்டும் உழைப்புக்கேற்ற கூலியா கிடைக்கிறது? சனிக்கிழமை இரவு ஜன்னலோர மேசைகள் யாருக்கு, செவ்வாய் மதியம் காலி மேசைகள் யாருக்கு என்று மேனேஜர் தீர்மானிக்கும்போதே பங்கீடு முடிந்துவிடுகிறது. எங்கும் எழுதி வைக்காத பங்கீடு, அவ்வளவுதான்.

முதலாளியின் தந்திரம் என்ற வாதத்துக்கு வருவோம். தந்திரங்கள் நடந்தது உண்மை. லண்டன் உணவகம் ஒன்றில் வேலை பார்த்த நெர்வா என்ற வெயிட்டரும் தோழர்களும் தொடுத்த வழக்கில், வாடிக்கையாளர்கள் காசோலையிலும் கார்டிலும் தந்த டிப்ஸ் முதலாளியின் கணக்கில் விழுந்தது. அதே அளவு பணத்தை அவர் சம்பளத்தோடு சேர்த்துத் தந்து, சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியின் ஒரு பகுதியாக அதையும் கணக்குக் காட்டினார். கணக்கில் விழுந்த கணமே அது அவர் பணம் என்றது நீதிமன்றம். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போயும் 2002-ல் வெயிட்டர்கள் தோற்றார்கள்.

இதற்கு நேர் எதிராக இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. பெர்க்லி சதுக்கத்து அன்னாபெல்ஸ் கிளப்பில் டிப்ஸ் பணம் 'டிரோங்க் மாஸ்டர்' என்ற பொறுப்பாளரிடம் போய், அவர் வழியாக ஊழியருக்கு வந்தது. தேவாலய உண்டியலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் டிரோங்க். அதன் பொறுப்பாளர்தான் இந்த மாஸ்டர். இங்கும் அந்தப் பணத்தைக் குறைந்தபட்சக் கூலியில் சேர்க்கப் பார்த்தார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் மறுத்துவிட்டது. பொறுப்பாளர் கைக்குப் போனபின் அது முதலாளி தரும் பணமே அல்ல என்பது அது சொன்ன காரணம். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் எந்த டிப்ஸையும் குறைந்தபட்சக் கூலியில் சேர்க்கக் கூடாதென்று விதியே வந்தது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணம் சேர்ந்ததால் யாரும் ஏமாறவில்லை. அது முதலாளி கையில் சேர்ந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள்.

"அதுதான் சட்டம் வந்துவிட்டதே, இனி மேனேஜரே பிரித்துத் தரட்டும்" என்பவர்களும் உண்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி டிப்ஸ் முழுவதும், வரி போன்ற சட்டப் பிடித்தங்கள் தவிர வேறு பிடித்தமில்லாமல், அடுத்த மாத முடிவுக்குள் ஊழியருக்குப் போயாக வேண்டும். கார்டு கட்டணத்தைக்கூட அதில் கழிக்க முடியாது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

டிப்ஸைப் பிரிக்கும் வழக்கமான புள்ளிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஆளுக்கு 40 மணி நேரம். இரண்டு சர்வர்களுக்கு மணிக்கு 5 புள்ளி, சமையல்காரருக்கு 4, கோப்பை கழுவுபவருக்கும் தட்டு எடுப்பவருக்கும் 3. மொத்தம் 800 புள்ளி. பெட்டியில் 800 பவுண்டு இருந்தால் கோப்பை கழுவுபவருக்கு 120. இப்போது யாரோ இரண்டு சர்வர்களின் 5-ஐயும் 6 ஆக்குகிறார். பெட்டியில் ஒரு பென்னியும் குறையவில்லை, முதலாளி எதையும் எடுக்கவில்லை; கோப்பை கழுவுபவரின் பங்கு மட்டும் 109 ஆகிவிடுகிறது. அந்த எண்ணை எழுதுகிறவர் மேனேஜருக்கு வேண்டியவர்களுக்கே எழுதினால் யாரிடம் போய்ச் சொல்வது?

டிரோங்க் என்பது வரி ஏய்ப்பு என்ற பேச்சும் இருக்கிறது. வருமான வரி இதிலும் உண்டு. இல்லாமல் போவது தேசியக் காப்புறுதித் தொகை. முதலாளிக்கு 15 விழுக்காடு, ஊழியருக்குப் பெரும்பாலும் 8. பல முதலாளிகள் இதற்காகவே சம்மதிக்கிறார்கள் என்பதை மறைப்பானேன்! ஆனால் பங்கீட்டில் முதலாளி தலையிட்டால் சலுகை போய்விடும். அவர் கையைக் கட்டிப்போட அவருடைய லாபமே கயிறாகிறது. எனக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்ததே இதுதான்.

கயிறு இறுக்கமானது என்று சொல்லமாட்டேன். டிரோங்க் மாஸ்டர் பெரும்பாலும் அதே கடையின் தலைமை வெயிட்டர். அவருடைய வேலையும் ஷிப்டும் முதலாளி கையில். காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும், அதற்குச் சாட்சி இருக்காது. அதனால்தான் சில இடங்களில் வெளியாள் ஒருவரைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். பெட்டியே வேண்டாம் என்பவர்கள் அதற்குப் பதிலாக, மாஸ்டரை யார் நியமித்தார், புள்ளிப் பட்டியல் எங்கே என்று கேட்கலாம். பணக் கணக்கைக் கேட்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, எழுத்தில், இரண்டு வரி போதும்: கடைக்கு வந்த டிப்ஸ் மொத்தம் எவ்வளவு, அதில் எனக்குத் தந்தது எவ்வளவு. முதலாளி 4 வாரத்துக்குள் பதில் தந்தாக வேண்டும்.