கூட்டல் சரியாக இருக்கிறது

'க்ளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்' பற்றி இந்தப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர் கேட்கிறார். ஹாலிவுட் குப்பை, அதுவும் பழைய குப்பை என்பது அவர் கட்சி. குப்பை என்று பெயர் வைத்துவிட்டால் பார்த்து முடித்தாயிற்று என்று நினைப்பது நம் சிறுபத்திரிகைச் சோம்பல். 1981இல் டெஸ்மண்ட் டேவிஸ் எடுத்ததும் வியாபாரப் படம்தான். 2010இல் லூயி லெத்தரியே அதையே திரும்ப எடுத்ததும் வியாபாரப் படம்தான். ஒன்றில் சிருஷ்டி இருக்கிறது, மற்றதில் இல்லை. ஏன்?

முதல் படத்தில் லாரன்ஸ் ஒலிவியேயின் ஜீயஸ் ஒரு சின்னக் களிமண் பொம்மையை எடுத்து அரங்கில் வைக்கிறார், பொம்மைதான் பெர்ஸியுஸ். படத்தின் பூதங்களை உருவாக்கிய ரே ஹாரிஹவுஸனின் காரியமும் இதுவே. பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு ஃப்ரேம், மறுபடி நகர்த்தி இன்னொன்று, வினாடிக்கு 24. 1963இல் 'ஜேஸன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் போடும் சில நிமிஷச் சண்டைக்கு நாலரை மாதம் பிடித்தது அவருக்கு. அவருடைய மெடூஸா தீவெளிச்சத்தில், வால் கிலுகிலுக்க, கைகளை ஊன்றித் தன்னை இழுத்துக்கொண்டு வருகிறாள். அசைவில் ஒரு திக்கல். வேறு உலகத்து ஜீவன் ஒன்று நம் காலத்துக்குள் நுழையச் சிரமப்படுகிற திக்கல் அது. எங்கள் டவுன்ஷிப்பைத் தாண்டினால் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் கூத்து நடக்கும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடிப் பாடி, நம்மைக் காக்கவைத்து வெளியே வருவான். பயம் அந்த நேரத்தில்தான் ஊறுகிறது.

லெத்தரியேயின் மெடூஸாவுக்கு வழவழப்பும் வேகமும் மட்டுமே உண்டு. வீடியோ விளையாட்டில் கடைசிக் கட்டத்து எதிரி. க்ராகன் பெரிது என்கிறார்கள். சுரங்கத்தில் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைப் பார்த்துப் பழகியவனை வெறும் பெரிசு என்ன செய்யும்?

புராணத்தைத் திருத்தியதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. 1981காரர்களும் ஸ்காண்டிநேவியக் கடலிலிருந்துதான் க்ராகனைக் கொண்டுவந்தார்கள். ஆனால் திருத்துகிறவனுக்குப் புராணம் தெரிந்திருக்க வேண்டும். 2010இல் பெர்ஸியுஸ் ஆண்ட்ரோமிடாவை விட்டுவிட்டு அயோவோடு சேர்கிறான். கிரேக்க வம்சாவளிப்படி அயோ அவனுக்குப் பல தலைமுறை முந்திய பாட்டி! மரித்தவர்களின் அரசன் ஹேடீஸைக் கிறிஸ்தவச் சாத்தானாக்கி வில்லன் வேஷம் கொடுத்தாயிற்று; யமனைத் தர்மராஜன் என்று சொல்லிப் பழகிய நமக்காவது இது உறுத்த வேண்டாமா? வெட்டுண்ட மெடூஸாவின் தலை அதீனாவின் கேடயத்தில் ஏறியது. வெட்டுண்ட ரேணுகையின் தலையை நாம் கும்பிடுகிறோம். வதைத்ததையே காவலாக வைத்துக்கொள்கிற அந்த மனம் எத்தனை சிக்கலானது! இந்தப் படத்தில் தலை ஒரு ஆயுதம். க்ராகன் கல்லானதோடு அதன் உபயோகம் முடிந்தது.

அப்புறம் முப்பரிமாணம். படத்தைத் தட்டையாகவே எடுத்தார்கள். 2009 டிசம்பரில் 'அவதார்' பணத்தை வாரிக் குவிக்கவே, ஏப்ரல் வெளியீட்டுக்குச் சில வாரங்களே இருக்கையில் ஆழம் ஏற்றும் வேலை பிரைம் ஃபோகஸிடம் போனது. மும்பையில் பிறந்த கம்பெனி. கைவேலை இங்கும் உண்டு: ஃப்ரேம் ஃப்ரேமாக உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டும். ஆனால் ஹாரிஹவுஸன் தான் கண்டதை நகர்த்தினார். இவர்கள் எவனோ அவசரப்பட்டதை நகர்த்தினார்கள். லெட்ஜரில் என்ட்ரி போட்டுப் பிழைப்பவனுக்கு இந்த வேலையின் ருசி தெரியும். கூட்டல் சரியாக இருந்தால் போதும், பணம் யாருடையது என்று கேட்கக் கூடாது. இங்கே கூட்டலே சரியில்லை. இயக்குநரே பின்னால் அந்த முப்பரிமாணத்தை ஏசினார். வசூல் மட்டும் உலகம் முழுக்க 45 கோடி டாலரைத் தாண்டியது.

நண்பருக்கு ஒன்று. 'கோச்சடையான்' 2014இல் வந்தபோது நம்மவர்களிடமிருந்து அதிகம் கேட்ட குறை, கிராஃபிக்ஸ் ஹாலிவுட் தரத்தில் இல்லை என்பது. மதிப்பிட்ட விதமே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. எந்த ஹாலிவுட்டின் தரம்? பொம்மையை மயிரிழை நகர்த்தியவருடையதா, மும்பைக்குக் கூலி கொடுத்து அனுப்பியவர்களுடையதா?