காலித் தட்டும் வராத தட்டும்

தீபாவளிப் பலகாரத்துக்கு பி.எச்.பி.யில் சொந்தமாக ஆர்டர் பக்கம் எழுதும் தம்பி, தங்கைகளே, இது உங்களுக்கு.

வந்த ஆர்டர்களை ஒவ்வொன்றாகக் காட்ட 'ஃபோர்ஈச்' போடுகிறோம். பட்டியல் காலியாக இருந்தால் அது ஒன்றும் சொல்லாது. ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். தட்டு வந்தது, முறுக்குதான் இல்லை. பட்டியலுக்குப் பதில் 'நல்' வந்தால் 'வார்னிங்' போடும். அப்போது தட்டே வரவில்லை. பட்டியலைக் கொண்டுவரும் வரி எங்கோ தவறியிருக்கிறது.

பலர் என்ன செய்கிறார்கள்? 'பட்டியல் வராவிட்டால் காலி என்று வைத்துக்கொள்' என இரண்டு கேள்விக்குறி போட்டு முடித்துவிடுகிறார்கள். சத்தம் அடங்கிவிடும். பக்கமும் 'ஆர்டர் இல்லை' என்று காட்டும். அதை நம்பி அம்மா மாவு பிசையாமல் இருப்பார்.

(அரேயில் இல்லாத கீயைக் கேட்டால் முன்பு வெறும் 'நோட்டீஸ்'. 2020-இல் வந்த எட்டாம் பதிப்பு அதையும் 'வார்னிங்' ஆக்கியது. எனக்கு அது பிடித்திருக்கிறது.)

வாடிக்கையாளர் கண்ணில் வார்னிங் படக்கூடாது, சரி. 'டிஸ்பிளே எரர்ஸ்' அமைப்பை அணையுங்கள், 'லாக் எரர்ஸ்' ஓடட்டும். ஃபோர்ஈச்சுக்கு முன், வந்தது பட்டியல்தானா என்று 'இஸ் அரே' போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் 'பட்டியலை எடுக்க முடியவில்லை' என்றே திரையில் வரட்டும். அம்மா உங்களைக் கூப்பிடுவார்.