விசாரணை திசைமாறிய இடம்: முக்கூடற்பள்ளும் துப்பறியும் கோவிந்தனும்

தமிழ்த் துப்பறியும் புதினங்களை ஆங்கிலத் தழுவல்கள் என ஒதுக்கும் போக்கு ஆய்வுலகில் இன்னும் நீடிக்கிறது. ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் 1887இல் அறிமுகமானார், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன் 1908இல் ‘இராஜாம்பாள்’ வழியே வந்தார். வடிவம் மேலைநாட்டினது என்பதில் ஐயமில்லை. எனினும் வடிவத்தின் பிறப்பிடமே பொருளின் பிறப்பிடமும் ஆகிவிடாது.

ரங்கராஜு பாளையங்கோட்டையில் பிறந்தவர். அதே பொருநைக் கரையில், சீவலப்பேரி அருகே ஆறுகள் கூடும் முக்கூடலைக் களமாகக் கொண்டது முக்கூடற்பள்ளு. அதிலும் விசாரணை உண்டு. மூத்த பள்ளி முறையிட, பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிறான். அங்கே கேட்பது நிலவுடைமை. விடைகூற வேண்டியது உழைப்பு. ரங்கராஜுவிடம் இத்திசை மாறுகிறது. இளம்பெண்ணை மணக்க விழையும் முதியவரின் செயலை ‘இராஜாம்பாள்’ சாடுகிறது. மடத் தலைமையின் ஒழுக்கக்கேட்டைச் ‘சந்திரகாந்தா’ வெளிக்கொணர்கிறது. செல்வமும் சமய அதிகாரமும் விடைகூறும் இடத்தில் நிறுத்தப்படுகின்றன.

கோவிந்தன் கண்டறியும் உண்மையும் இறுதியில் காலனிய நீதிமன்றத்தின் ஏற்பையே நாடி நிற்கிறது. இவ்வரம்பு மறுக்கத்தக்கதன்று, ஆனால் அதுவும் ஆய்வுக்குரியதே. சிற்றிலக்கியம் என்னும் பெயர் பள்ளினை ஆய்வுக்கு அயலாக்கவில்லை. பொழுதுபோக்கு என்னும் பெயர் மட்டும் இப்புதினங்களை அயலாக்குவது முறையாகாது. தொடக்ககாலப் பதிப்புகளை ஒப்பிட்டுச் செம்பதிப்புக் காண்பது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க முதற்பணியாகும்.