பைக்குள் கிடக்கும் விடை

சேக்காட்டில் எங்கள் மஹல்லாப் பெரியவர் ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறியது. மருத்துவமனைக்கு விரைந்த மகனின் கையில் ஒரு துணிப்பை. அதனுள் பத்தாண்டு காலச் சீட்டுகள். "இவருக்கு ஒவ்வாத மருந்து எது?" என்று மருத்துவர் வினவினார். விடை பைக்குள்தான் இருந்தது, தேட அவகாசமில்லை. வெளியூரிலிருந்த மகள் தொலைபேசியில் கூறிய பின்னரே ஊசி போடப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், பெரியவர் பிழைத்தார்.

மருத்துவ மேதை அபூபக்கர் அர்ராஸி, தாம் கண்ட நோயாளிகளின் நிலையையும் கற்ற நூல்களின் சாரத்தையும் குறித்து வைத்தார். கி.பி. 925 அளவில் அவர் மறைந்தபின் அக்குறிப்புகள் தொகுக்கப்பட்டதால் 'அல்ஹாவி' என்னும் பெருநூல் பிறந்தது. 1279இல் லத்தீனுக்கும் சென்றது. தொகுக்காவிடில் அவை வெறும் ஏடுகளே!

கடனை எழுதி வைக்குமாறு சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் பணிக்கிறது. அல்லாஹ்வின் அமானிதமான உடலின் கணக்கை எழுத வேண்டாமா?

சகோதரிகளே! வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் ஒதுக்குங்கள். முதல் பக்கத்தில் வயது, இரத்த வகை, ஒவ்வாத மருந்து, தற்போது உண்ணும் மருந்தும் அளவும் இருக்கட்டும். அடுத்து நோய், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு ஆகியவற்றை ஆண்டு வரிசையில் எழுதுங்கள். சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் தேதிவாரியாகக் கோப்பில் சேருங்கள். வழவழப்பான இ.சி.ஜி. தாள் நாளடைவில் மங்கும், நகல் எடுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் முதல் பக்கத்தைத் திருத்துங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை அஸர் தொழுததும் அந்தப் பையைப் பாயில் கொட்டுங்கள். அத்தாவும் அம்மாவும் அருகிலிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவர்கள் நினைவிலுள்ள பலவும் எந்தச் சீட்டிலும் இரா.