ஒரு டாலர் மருந்தும் உழைப்பாளியின் உயிரும்

சர்க்கரை வியாதி பணக்காரர் வியாதி என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது வெறும் கட்டுக்கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் உண்டு என்று அது கணக்கிட்டது. இத்தனை பேரும் பங்களாவாசிகளா?

இரவு ஷிப்டில் நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடும் ஆலைத் தொழிலாளிக்கும், வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் விவசாயக் கூலிக்கும் இந்நோய் வருகிறது. நோய் முற்றினால் பாதம் மரத்துப் போகிறது. முள் குத்தியதும் தெரிவதில்லை. புண் அழுகிக் காலையே எடுக்க நேருகிறது. கால் போனால் கூலி போயிற்று. கூலி போனால் அடுப்பு அணைந்தது.

இதற்கு மருந்து இல்லையா? உண்டு. 1921-ல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டார்கள். 1923-ல் அவர்களும் கோலிப்பும் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். எவரும் இம்மருந்தில் ஏகபோகம் கொண்டாடக் கூடாது என்பதே நோக்கம்.

நடந்தது என்ன? உலக இன்சுலின் வியாபாரத்தின் பெரும்பகுதி மூன்றே கம்பெனிகளின் கையில். அமெரிக்காவில் 1996-ல் சுமார் 21 டாலருக்கு விற்ற எலி லில்லி கம்பெனியின் ஒரு புட்டி, 2017-ல் சுமார் 275 டாலர் ஆயிற்று. மக்கள் கொதித்தார்கள். 2023-ல் அதே கம்பெனி விலையை 70 சதவிகிதம் குறைப்பதாக அறிவித்தது. புட்டியில் இருந்த மருந்து மாறவில்லை. அப்படியானால் அந்த 70 சதம் இத்தனை நாள் யார் பைக்குப் போயிற்று? கம்பெனிக்கும் தரகருக்கும்!

தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தது. வரவேற்கிறோம். ஆனால் மாத்திரையோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. பிரிக்காத இன்சுலின் புட்டியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். குடிசையில் குளிர்பெட்டிக்கு எங்கே போவது?

ஆகவே நாம் கோருவது இவை: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையமும் இன்சுலினைத் தன் குளிர்பெட்டியில் வைத்து, தட்டின்றி இலவசமாகத் தர வேண்டும். ஊசியும், இரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டையும் கூடவே தர வேண்டும். கால், கண், சிறுநீரகச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்கேயே நடக்க வேண்டும். சோதனைக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. ஆலையில் ஊசி போடவும் வேளைக்குச் சாப்பிடவும் இடைவேளை வேண்டும்.

தோழர்களே! தொழிற்சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் இவற்றைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். கூலிக்குப் போராடிய கைகள் மருந்துக்கும் உயரட்டும்!