பாலர்க்குப் பந்தயம் எதற்கு?

கல்லூரி விழாவையொட்டி, வட்டகொடைப் பகுதித் தோட்டங்களின் பாலர் நிலையங்களுக்கு வெற்றிக் கிண்ணங்கள் வழங்கலாம் எனப் பழைய மாணவர் சிலர் கூறிவருகின்றனர். நல்ல மனத்தோடு சொல்லப்பட்ட யோசனையே. எனினும் அதற்கு நான் உடன்படேன்.

கொழுந்தெடுக்கச் சென்ற தாய்மார் விடியலிலே குழந்தைகளை விட்டுப்போன பிள்ளை மடுவத்தை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். பல தோட்டங்களில் அது வெளிச்சமற்ற ஓர் அறையும் சில தொட்டில்களுமேயன்றி வேறில்லை; அதனைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆயினும், அங்கே நான்கு வயதுப் பிள்ளை தன் தங்கையின் தொட்டிலை ஆட்டிற்று. மூத்தது பாடியதை இளையது திருப்பிச் சொல்லிற்று. முதலாவது யார் என்று எவரும் கேட்டிலர். இன்று மடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தரும் வந்துள்ளனர். அவற்றோடு நகரத்துப் பந்தயமும் வந்துவிட்டது.

சென்ற ஆண்டு அத்தகைய விழாவொன்றிற்குப் போயிருந்தேன். ஓட்டத்தின் நடுவே ஒரு சிறுமி விழுந்தாள். பின்னால் வந்த சிறுவன் நின்று, அவளைத் தூக்கக் குனிந்தான். “ஓடுடா, ஓடு!” என்று கூட்டம் கூவிற்று. நானும் கூவினேன். அவன் அவளை விட்டுவிட்டு ஓடினான்.

1907இல் ரோமாபுரியில் ஏழைப் பாலர்க்குப் பள்ளி திறந்த மரியா மொன்ரிசோரி அம்மையார் ஒரு நிகழ்ச்சியை எழுதியுள்ளார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஆசிரியை அணிவித்த பதக்கம் கீழே விழுந்தது. தண்டனையாக இருத்தப்பட்டிருந்த பிள்ளை அதனை எடுத்துக் காட்டிற்று. வேலையில் மூழ்கியிருந்த பிள்ளையோ, நீயே அணிந்துகொள் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தது. அம்மையார் பின்னர் தம் முறையில் பரிசுக்கும் தண்டனைக்கும் இடம் வைக்கவில்லை. மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ளோரை ஒன்றாகவே கற்கவிட்டார்.

போட்டி நிறைந்த உலகிற்குப் பிள்ளைகளைப் பழக்கவேண்டாமா என்பர். பத்து வயதிற் புலமைப்பரிசிற் பரீட்சை காத்திருக்கிறது. அதற்கு முன்னரே மேலதிக வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. அந்தச் சுமையை நான்கு வயதிற்கும் இறக்குவானேன்? 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே, முதல் இரண்டு வகுப்புகளில் எழுத்து வேலையிலும் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் மிகுந்த இடம் கொடுத்தது.

கிண்ணத்திற்குச் சேரும் பணத்தில் மரக்கட்டைகள் செய்விப்போம். தோட்டத்துச் சவுக்கு மரமும் உள்ளூர்த் தச்சரும் போதும். கட்டைகள் பெரியனவாயிருக்கட்டும், ஒரு பிள்ளை தனியே தூக்க முடியாதபடி சில இருக்கட்டும்.